ஓடச் சொன்னவரே காத்திருக்கவும் சொன்னார்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு அதில் நடக்கிறார்கள். மற்ற நாட்களில், விடியற்காலை நான்கு மணிக்கு, அந்தப் பாதையில் ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிற சிலரில் நாங்கள் ஐந்து பேரும் உண்டு. பங்கின் வேதியர், அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் சகோதரி ஒருவர், இளையோர் இயக்கத் தம்பிகள் இருவர், அவர்களோடு உங்களிடம் இப்போது பேசுகிற இந்தக் குரல். ஐம்பதைத் தாண்டியவர்கள் இருவர். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கியவர் ஒருவர். அவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பங்கு மக்களுக்குத் தெரியும்.

செங்கம் சாலையில் டீக்கடை வைத்திருப்பவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா ஃபாதர், கிரிவலமா?" என்று கேட்பார். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கையை அசைத்துவிட்டு ஓடிவிடுவோம்.

எங்கள் இலக்கு சனவரியில் சென்னையில் ஒரு மாரத்தான். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் புறப்பட்டு, மைதானத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதையை வகுத்தார்கள். அதனால் வந்த கணக்கு இது. 1921இல் அதையே நிலையான அளவாக்கிவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தூரத்தை விளக்குவது எளிது. மலையை மூன்று சுற்று சுற்றினால் 42 கிலோமீட்டர். அதற்குமேல் 195 மீட்டர் மிச்சம்.

இதற்கான பயிற்சியில் வாரம் ஒரு நாள் நீண்ட ஓட்டம் உண்டு. வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஞாயிறு திருப்பலி இருப்பதால் நாங்கள் அதைச் சனிக்கிழமை வைத்துக்கொள்வோம். சென்ற திசம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் அட்டவணையில் 28 கிலோமீட்டர், அதாவது மலையை இரண்டு சுற்று, என்று இருந்தது. அதற்கு மறுநாள் ஞாயிறு காலை நம் ஊரில் 10 கிலோமீட்டர் நிதி ஓட்டம். கால் இழந்த ஏழைகளுக்குச் செயற்கைக் கால் வாங்கிக் கொடுக்கப் பணம் திரட்டும் ஓட்டம். ஒரு மாதத்துக்கு முன்பே நாங்கள் ஐவரும் பணம் கட்டிப் பெயர் கொடுத்திருந்தோம்.

28 கிலோமீட்டர் ஓடிய மறுநாள் கால்கள் ஓய்வு கேட்கும். இரண்டையும் செய்தால் முழங்கால் பழிவாங்கும். எதை விடுவது? வேதியர் வெளிப்படையாகவே சொன்னார்: "ஃபாதர், பணத்தைக் கட்டியாச்சு. டி-ஷர்ட்டும் வந்துடுச்சு. நாம ஓடினாலும் ஓடாட்டியும் கால் கெடைக்கப் போறவருக்குக் கெடைக்கத்தான் போகுது. நம்ம பயிற்சியை ஏன் கெடுத்துக்கணும்?"

நியாயமான கேள்விதான். இன்னும் கொஞ்சம் தோண்டினால் இதைவிடக் கசப்பான கேள்வி ஒன்று வரும். நாம் கட்டுகிற தொகையில் டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு, பதக்கத்துக்கு எவ்வளவு, மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு? அத்தனையும் கழித்து மிஞ்சியதுதானே ஏழைக்குப் போகிறது? ஓடாமல் வீட்டிலிருந்தபடியே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் அதுதானே நல்ல தர்மம்? இந்தக் கேள்விக்கு எங்களிடம் அன்றைக்குப் பதில் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை ஒரே சுற்றோடு நிறுத்திக்கொண்டு ஞாயிறு ஓட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை இரவு மழை பிடித்தது.

அன்பானவர்களே, மழை என்றால் இன்று நம் ஊரில் பலருக்கு வயிறு கலங்குகிறது. 2024 திசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச் சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேரை மண் மூடியது. அவர்களில் ஐவர் குழந்தைகள். அதற்குப் பிறகு இந்த மலையடியில் பெய்யும் மழையை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஏற்பாட்டாளர்கள் விடியற்காலையிலேயே பாதையை மாற்றியிருந்தார்கள். மலையடியை விட்டு விலகி, சமதளமான சாலையில் போய்த் திரும்புவதாக அமைத்திருந்தார்கள். இடியோ மின்னலோ வந்தால் அந்த நிமிடமே ஓட்டம் நிறுத்தப்படும் என்றும் அறிவித்தார்கள். அது சரியான முடிவு. நனைவதற்குத் துணிவு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மின்னலின் கீழ் ஓடுவதைத் துணிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்கரை மணிக்குக் கோவில் வாசலில் கூடினோம். சாரல் இல்லை, நல்ல மழை. திரும்பிப் போய்விடலாம் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. செவிலியர் சகோதரி மட்டும் சொன்னார்: "போன தடவை கால் வாங்கினவங்களைக் கொடியசைக்கக் கூப்பிட்டிருக்காங்களாம். மூணு கிலோமீட்டர் நடைப் பிரிவும் இருக்கு. அதுல அவங்க நடக்கவும் போறாங்களாம். இந்த மழையில அவங்க வந்து நின்னு, நாம போகலேன்னா?" அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இந்தச் செயற்கைக் காலைப் பற்றி ஒரு வார்த்தை. மேலை நாட்டில் செய்த பழைய செயற்கைக் கால்கள் ஷூவுக்குள் இருக்க வேண்டியவை. தண்ணீர் பட்டால் கெடும். தரையில் சம்மணமிட முடியாது, குந்த முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. நம் நாட்டு ஏழை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். சர்மா பெரிய படிப்பு படித்தவர் இல்லை. சைக்கிள் டயர் கடையில் ரப்பரைப் பார்த்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். வெறுங்காலாக நடக்கலாம், குந்தலாம், நீரில் இறங்கலாம். அதுதான் ஜெய்ப்பூர் கால். அந்தக் காலோடு மேடையேறி மீண்டும் நடனமாடிய சுதா சந்திரனை, 'மயூரி' படம் பார்த்த நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாதத்துக்கு மேலே வரும் பகுதியை இப்போது பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, மிச்சமிருக்கும் காலின் அளவுக்கு வார்த்து எடுக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய் இருக்கிறதல்லவா, ஏறத்தாழ அந்த இனம்தான்.

ஓட்டம் ஐந்தரைக்குத் தொடங்கியது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு காலும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. நனைந்த துணி உடம்பில் உரசிப் புண்ணாக்கும் என்பதால் முன்கூட்டியே வாஸ்லின் தடவியிருந்தோம். வேகத்தடைகளின் மேல் பூசிய வெள்ளைப் பெயின்ட் வழுக்கியது. சாலையோரப் பள்ளம் எது, குட்டை எது என்று தெரியவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், இரண்டு கிலோமீட்டர் கடந்ததும் மனது இலேசாகிவிட்டது. முழுவதும் நனைந்தவனுக்கு மேற்கொண்டு நனைகிற பயம் இல்லை. வெயில் இல்லாததால் மூச்சும் வாங்கவில்லை. தம்பிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஃபாதர், இதுவரைக்கும் நாம ஓடினதுலயே இதுதான் வேகம்!"

அந்தச் சந்தோஷத்தில்தான் அது நடந்தது.

எட்டாவது கிலோமீட்டரில் எங்கள் பாதையும் மூன்று கிலோமீட்டர் நடைக்காரர்களின் பாதையும் ஒன்றாகச் சேர்ந்தன. அங்கே மூடிய கடை ஒன்றின் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போட்டிருந்த அதே நிறத்தில் டி-ஷர்ட். அருகில் கழற்றி வைத்த கால். அவர் எதையோ பிழிந்துகொண்டிருந்தார். நாங்கள் ஐவரும் அவரைப் பார்த்தோம். "சூப்பர்ண்ணே!" என்று ஒரு தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவரும் சிரித்துக் கையை உயர்த்தினார். நாங்கள் கடந்து ஓடிவிட்டோம்.

முடிவுக் கோட்டைத் தொட்டோம். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். வாழைப்பழமும் சூடான பொங்கலும் கொடுத்தார்கள். நின்றபடியே சாப்பிட்டோம். நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தோம். பொங்கல் பாதி தின்ற பிறகுதான் செவிலியர் சகோதரி மெல்லக் கேட்டார்: "ஃபாதர், அந்தத் திண்ணையில உக்காந்திருந்த அண்ணன்… நாம நின்னிருக்கணும் இல்ல?"

யாருடைய காலுக்காக ஓடுகிறோம் என்று மார்பில் அச்சடித்துக்கொண்டு ஓடினோமோ, அந்தக் கால் கழற்றி வைக்கப்பட்டிருந்த இடத்தை எங்கள் அதிவேகத்தில் கடந்து வந்திருக்கிறோம்.

நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு முதலில் விலகிப் போனவர் யார்? ஒரு குரு. இந்த வரியைக் குருக்களாகிய நாங்கள் வாசிக்கும்போது கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுவது வழக்கம். பிணத்தைத் தொட்டால் தீட்டு, பிறகு ஆலயப் பணி செய்ய முடியாது என்று அவர் அஞ்சியிருக்கலாம் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் லூக்கா கவனமாக எழுதுகிறார். அவர் அந்த வழியில் இறங்கி வந்துகொண்டிருந்தார் என்கிறார். எருசலேம் மேட்டில் இருக்கிறது, எரிகோ பள்ளத்தில். அப்படியென்றால் அவர் ஆலயத்தின் பக்கமிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர். ஆலயப் பணி என்ற சாக்கு அவருக்குப் பொருந்துவது கடினம். எங்களுக்காவது எட்டரை மணித் திருப்பலி இருந்தது. அதையும் சாக்காகச் சொல்லிப் பார்த்தோம். கடிகாரம் ஏழைக்கூடக் காட்டவில்லை.

இரண்டு தம்பிகளும் திரும்பி ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவரே காலை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். மூவரும் பேசிக்கொண்டே மெதுவாக வந்து சேர இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இங்கே நேரக் கருவியின் பாயைச் சுருட்டிவிட்டார்கள். பந்தல்காரர் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பதக்கப் பெட்டி வேனில் ஏறிவிட்டது. பொங்கல் பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போய்விட்டார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. மழையில் எல்லோருக்குமே வீட்டுக்குப் போக அவசரம். மூன்று கிலோமீட்டர் நடக்க ஒருவருக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவர். சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "காலுக்கு ஒண்ணும் ஆவல ஃபாதர். அது ரப்பர், மழைக்குப் பயப்படாது. உள்ள போடுற துணிதான் நனைஞ்சு வழுக்குச்சு. கழட்டி வேட்டி பிழியற மாதிரி பிழிஞ்சு போட்டுக்கினேன்" என்றார். செவிலியர் சகோதரி அவரை உட்கார வைத்து, துணியை எடுத்துப் பார்த்தார். கால் நுனியில் தோல் சிவந்து ஒரு கொப்புளம் கண்டிருந்தது. சர்க்கரை உள்ளவருக்குக் கொப்புளம் சின்ன விஷயமில்லை. இருந்த காலும் அப்படித்தானே போயிற்று? அன்று மாலையே மருத்துவமனைக்கு வரவழைத்து மருந்து போட்டு, ஆறுகிறவரை செயற்கைக் காலை மாட்டக் கூடாது என்று கட்டளையிட்டார். ஓட்டத்தின்போது நாங்கள் நின்றிருந்தால் அரை மணி நேரம் முன்னதாகவே அதைப் பார்த்திருப்போம்.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் பந்தய ஓட்டத்தைப் பற்றிச் சொல்வது நம் எல்லோருக்கும் தெரியும். பரிசு பெறுவதற்காகவே ஓடுங்கள் என்கிறார். கொரிந்து ஊருக்குப் பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். அங்கே வென்றவருக்குத் தலையில் சூட்டியது வாடிய செலரிக் கீரையில் பின்னிய வளையம். அழிந்துபோகும் வாகை என்று பவுல் சொன்னபோது கொரிந்தியர் சிரித்திருப்பார்கள். விளையாட்டு வீரர்களுக்கான செபக்கூட்டங்களில் எல்லாம் இந்தப் பகுதியைத்தான் வாசிக்கிறோம். ஆனால் அதே திருமுகத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி, 11ஆம் அதிகாரத்தின் கடைசியில், உணவருந்தக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருங்கள் என்று அவரே எழுதுகிறார். அங்கே நடந்தது என்ன? வசதி உள்ளவர்கள் முன்னதாக வந்து தின்று குடித்து முடித்துவிடுகிறார்கள். வேலை முடித்துத் தாமதமாக வருகிற ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பொங்கல் பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓடுங்கள் என்றவர்தான் காத்திருங்கள் என்றும் சொல்கிறார். நாங்கள் 9ஆம் அதிகாரத்தை மட்டும் பயிற்சி செய்துகொண்டிருந்தோம்.

காத்திருந்தால் ஓட்டம் கெட்டுவிடுமா? 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் கொட்டும் மழையில், எலும்பைக் குத்தும் குளிரில், எதிர்க்காற்றில் நடந்தது. முன்னணி வீரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். டெஸ் லிண்டன் என்ற பெண்ணும் இன்றைக்கு நம்மால் முடியாது, விலகிவிடலாம் என்றுதான் நினைத்தார். எப்படியும் விலகத்தானே போகிறோம் என்று, பக்கத்தில் ஓடிய ஷலேன் ஃப்ளேனகனிடம், உனக்கு ஏதாவது உதவி வேண்டுமானால் சொல் என்றார். ஷலேன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது டெஸ் வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்து, மீண்டும் முன்னே ஓடுகிற கூட்டத்தோடு அவரைச் சேர்த்துவிட்டார். பிறருக்கு உதவப் போய்த் தம் சோர்வையே மறந்துபோனார். கடைசியில் அந்தப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தவர் அந்த டெஸ்தான். 2 மணி 39 நிமிடம் 54 நொடி. காத்திருந்தால் வெற்றி கிடைக்கும் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் கிடைக்காது. காத்திருந்ததால் அவர் தோற்றுவிடவில்லை என்ற அளவுக்கு மட்டும்தான்.

கடைசியாக வந்தவர் கதையும் ஒன்று உண்டு. கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977இல், 18 வயதில், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு ஓடப் பழகினார். 1979இல், பயிற்சியின் நடுவே, பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் 27 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓடினார். எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அவருக்கு முந்தியவர் வந்து பத்து நிமிடம் கழித்து வந்தார். மற்றவர்கள் போய்விடவில்லை. கைதட்டலோடும் கண்ணீரோடும் வரவேற்றார்கள். அதற்குப் பிறகுதான் தம் திட்டத்தை வீட்டில் சொன்னார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டின் குறுக்கே ஓடப்போவதாக. 1980 ஏப்ரல் 12ஆம் நாள் புறப்பட்டார். முதல் சில நாட்களே புயற்காற்று, கனமழை, பனி. நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் என்று 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தி, மறு ஆண்டு சூனில் 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் இன்றும் பல நாடுகளில் நடக்கும் ஓட்டத்தில், நம் சென்னை ஐஐடி வளாகத்திலும் அது நடந்திருக்கிறது, முதற்பரிசு என்று ஒன்று கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம்.

அன்று பிரின்ஸ் ஜார்ஜில் பத்து நிமிடம் காத்திராமல் பந்தலைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம்.

வேதியரின் கேள்விக்கும் இப்போது பாதிப் பதில் கிடைத்திருக்கிறது. பணத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம். கொப்புளத்தை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. மீதிப் பாதி, அதாவது டி-ஷர்ட் கணக்கு, இன்னும் கேள்வியாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை டி-ஷர்ட்டும் பதக்கமும் வேண்டாம், அந்தத் தொகையையும் காலுக்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறோம். இன்னொன்றையும் கேட்டிருக்கிறோம். கடைசி ஆள் வந்து சேரும்வரை பாயைச் சுருட்டக் கூடாது. அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் வர ஒருவரை எங்கள் பங்கிலிருந்து நாங்களே அனுப்புகிறோம். யார் என்று இளையோர் இயக்கத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இரண்டு முறையும் பங்குத்தந்தை பெயரே வந்ததில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது.

என் பதக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தம்பி ஒருவர் அன்றே அவரிடம் நீட்டினார். "உன்னுது உனக்கு, தம்பி. எனக்குப் பொங்கல் இல்லாமப் போச்சே, அதுதான் வருத்தம்" என்று சிரித்தார் அவர். திருப்பலி முடிந்ததும் செவிலியர் சகோதரி வீட்டில் ஆறு பேருக்கும் பொங்கல்.

கொப்புளம் ஆறிவிட்டது. இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் சுற்று முடித்து வரும்போது அவர் கடையில் நின்று இளநீர் குடிக்கிறோம். சென்ற வாரம் 42 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். மலையை மூன்று சுற்று, அதற்குமேல் 195 மீட்டர் என்று சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டு, "அந்த 195 மீட்டருக்கு நானும் வரேன் ஃபாதர். நீங்க மூணு சுத்து முடிச்சுட்டு வர வரைக்கும் இங்கயே நிக்கறேன்" என்றார்.